பழகிப்போச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன வாரம் அம்மா பேச்சிப்பாறைப் பக்கம் தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். வந்ததும் சொன்னது, "அங்க ராத்திரி ஒரே உறக்கம் மக்களே." அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அப்படியென்றால் இத்தனை வருஷமாக இங்கே உறங்கியது என்ன?

எங்கள் வீடு தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி. அப்பா கட்டும்போது முற்றமும் இரண்டு தென்னையும் ஒரு அயினி மரமும் இருந்தன. சாலைக்காக முற்றம் போனது. இப்போது வாசற்படியிலிருந்து தார் ரோடு பதினோரு அடி.

ராத்திரியானால் கல்லும் ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் களியக்காவிளை பக்கம் போகும். ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அடுக்களையில் டம்ளர் ஸ்டாண்டு கிணுகிணுக்கும். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது லாரி வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அது கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். தான் இப்படிச் செய்வதே அவர்களுக்குத் தெரியாது.

கேட்டால் எல்லோரும் சொல்வது, "பழகிப்போச்சு." மனசுக்குப் பழகலாம், உடம்புக்குப் பழகாது. உறங்கும்போதும் காது திறந்தேதான் இருக்கிறது. ஏர் ஹார்ன் அலறினால் நாம் விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு கூடும், பதற்றத்துக்கான ஹார்மோன்கள் சுரக்கும். வருஷக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அம்மா பிரஷர் மாத்திரை போடுகிறார்கள். அதற்கு லாரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உறக்கம் கெட்டவர்களுக்கு அந்த மாத்திரை மட்டும் போதுமா?

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை 45. என் போன் ஆப்பில் லாரி கடக்கும்போது முன் அறையில் 75-ஐத் தாண்டுகிறது. ஆப் துல்லியமில்லை, விதியில் இருப்பதும் சராசரிக் கணக்கு, சரி. ஆனாலும் 30 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஆயிரம் மடங்கு.

அப்புறம் தூசி. காலையில் துடைத்த வராந்தாவை மத்தியானம் துடைத்தால் துணி மறுபடி கறுக்கிறது. கறிவேப்பிலையைக் கழுவினால் தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடுகிறது. வெறும் மண்ணாக இருந்தால் இப்படிக் கறுக்குமா? டீசல் கரியும் டயர், பிரேக் தேய்ந்த தூளும் அதில் சேர்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும். பிஎம் 2.5 என்று சொல்லும் இந்த நுண்துகளுக்குக் காற்றில் நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5.

ஜன்னலைச் சாத்தினால் நம்மூர்ப் புழுக்கம், திறந்தால் புழுதி. ஏசி வாங்க முடிந்தவர்கள் சாத்திக்கொள்கிறார்கள். மற்றவர்கள் என்ன செய்வது? நாங்கள் அம்மாவின் கட்டிலைப் பின்பக்கம், அடுக்களையை ஒட்டிய அறைக்கு மாற்றினோம். நாலு அறை வீட்டில் இப்போது உறங்க முடிவது அந்த ஒன்றில்தான்.

லாரியே ஓடக்கூடாது என்று நான் கேட்கவில்லை. வீடுகள் உள்ள இடத்தில் ராத்திரி வேகம் குறைய வேண்டும், பாரத்தைத் தார்ப்பாய் போட்டு இறுக மூட வேண்டும், ஏர் ஹார்னைக் கழற்ற வேண்டும். தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 முதல் சட்டமே இருக்கிறது. எங்கள் பக்கம் யாரும் கட்டி நான் பார்த்ததில்லை.

வரும் திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பேன். பின்வாசல் வழியாக வந்தால் பேசுவது காதில் விழும்.