கரண்ட் கம்பியும் நூறு ரூபாய்ச் சட்டமும்

மாரி வெள்ளாமை குடலை தள்ளி, தண்டுக்குள் கதிர் பிடிக்கத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானைக் காவலும் தொடங்கிவிடும். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, அங்கால திருக்கோவில், பொத்துவில் என்று எந்த வயல் வட்டையிலும் இதுதான் நிலை. வயல் காவல் குடிசையான வாடியில் விடிய விடிய முழித்திருக்கிறவனின் கஷ்டத்தை, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஃபேனுக்குக் கீழே இருந்துகொண்டு குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் வீட்டுக் கரண்ட்டை நேரே கம்பியில் விட்டு யானை விழுந்த செய்தி வரும்போதெல்லாம் "வேற என்ன வழி இருக்கு" என்று கீழே எழுதுகிறார்களே, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். வழி இருக்கிறது. கம்பி இழுத்தவனைச் சட்டம் பிடிக்கட்டும். அரசாங்கம் போட்ட யானை வேலியைப் பாழாக விட்ட அலுவலகத்தையும் சட்டத்தை வைத்தே கேட்கலாம். அதைத்தான் நாம் செய்வதில்லை.

முதலில் கரண்ட் கணக்கு. "அரசாங்கம் போடுற ஆனை வேலியில ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடுது, வீட்டுக் கரண்ட் வெறும் 230 தானே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். யானை வேலியில் ஓடுவது 12 வோல்ட் பற்றரியிலிருந்து எனர்ஜைசர் என்ற பெட்டி வோல்ட்டைக் கூட்டி விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பு. ஒரு துடிப்பு, வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்கூட நீடிக்காது. அடுத்தது வர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த இடைவெளியில் தசை தளர்ந்து, தொட்டது மனிதனோ யானையோ, பின்வாங்கிவிடும். நோகும், பயம் பிடிக்கும், சாகாது. வீட்டுக் கரண்ட்டில் அந்த இடைவெளியே இல்லை. தசை இறுகினால் இறுகினதுதான், கம்பியை விட முடியாது. இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். அதுவும் வயல் சேற்றில் நாலு காலும் ஈரமாக நிற்கிற மிருகத்துக்கு உடம்பு முழுக்கப் பாதைதான்.

விழுந்த யானையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். தும்பிக்கையிலோ காலிலோ கம்பி பட்ட இடத்தில் மெல்லிய கோடாகக் கருகியிருக்கும். வாயில் கடித்த வெள்ளாமை மெல்லப்படாமல் அப்படியே இருக்கலாம். ஓடவோ உழலவோ அதற்கு நேரம் கிடைத்திருக்காது.

சட்டத்தில் இது ஒரு குற்றம் என்று நினைக்காதீர்கள், மூன்று. காட்டு யானையைக் கொல்வது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். 2009இல் வந்த திருத்தத்தோடு அபராதம் இலட்சக் கணக்குக்குப் போய்விட்டது, சிறையும் உண்டு. மின்சாரத்தைக் களவாக எடுத்திருந்தால் அதற்குத் தனி வழக்கு. மூன்றாவதைத்தான் ஒருவரும் யோசிப்பதில்லை. விடியப்புறம் விறகுக்கோ மீனுக்கோ அந்த வரம்பால் போன ஒரு மனிதர் மாட்டுப்பட்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு: கவனயீனத்தால் மரணம், ஐந்து ஆண்டு வரை சிறை. யானைக்குக் கட்டிய கம்பிக்கு ஆள் தெரியாது.

பிறகு ஏன் வழக்குகள் நிற்பதில்லை? விடிவதற்குள் கம்பி போய்விடும். வனசீவராசிகள் திணைக்கள ஜீப் வரும்போது யானை மட்டும்தான் கிடக்கும், கம்பி கட்டிய கம்புகளின் குழிகூட மிதிபட்டிருக்கும். ஆகவே முதலில் காண்பவர் செய்ய வேண்டியது இது. எந்தக் கம்பியையும் தொடாமல் எட்ட நிற்க வேண்டும், இன்னும் கரண்ட் ஓடலாம். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கும் பொலிஸ் 119க்கும் அழைக்க வேண்டும். யானையை மட்டும் படம் எடுக்காமல், கம்பி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்த மரத்தில், எந்தக் கம்பத்தில் போய் ஏறுகிறது என்பதையும் இடம் தெரியும்படி எடுக்க வேண்டும். போனில் லொக்கேஷன் போட்டிருந்தால் இன்னும் நல்லது. எந்த மீட்டர், யாருடைய காணி என்பது முதல் நாள் அறிக்கையில் ஏறாவிட்டால், வழக்கு வாடியில் படுத்திருந்த கூலிக்காரனோடு முடிந்துவிடும், காணிக்காரப் போடியார் சாட்சியாகக்கூட வரமாட்டார். மிருக வைத்தியர் பிரேத பரிசோதனை செய்யும் முன் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கொண்டுவந்து புதைக்கவும் விடக்கூடாது. கருகிய தோலும் குடலும்தான் அங்கே சாட்சி.

இனி வேலி. இலங்கையில் யானை நடமாடும் நிலத்தில் சுமார் 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். யானை சரணாலயத்துக்குள்ளும் மனிதன் வெளியேயும் என்ற கோடு வரைபடத்தில் மட்டும்தான். ஆனால் பல இடங்களில் வேலி அந்தக் கோட்டின் மேல்தான் போடப்பட்டது: இந்தப் பக்கம் வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு, அந்தப் பக்கம் வனவளத் திணைக்களத்தின் காடு, இரண்டிலும் யானை. அப்படிப்பட்ட வேலி யாரை யாரிடமிருந்து பிரிக்கிறது என்று போட்டவர்களுக்கே தெரியாது.

சரியான இடத்தில் போட்டதும் ஏன் விழுகிறது? பெரும்பாலும் புல். மாரியில் கம்பியைத் தொடும் ஒவ்வொரு புல்லும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும். எனர்ஜைசருக்குப் பக்கத்தில் 7,000 வோல்ட் காட்டும் வேலி, கடைசிக் கம்பத்தில் 2,000 காட்டும். 5,000க்குக் கீழே இறங்கினால் யானைக்கு அது வேலியே இல்லை. கோடையில் வேறு பிரச்சினை, மண் காய்ந்து எர்த் வேலை செய்யாது. ஒரு குறுங்கோலை அடித்துவிட்டுப் போனால் போதாது. ஆறடி நீள ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) கோல் குறைந்தது மூன்று, பத்தடிக்கு ஒன்றாக, ஈரம் நிற்கும் இடத்தில் இறக்க வேண்டும். இன்சுலேட்டர் வெடித்திருக்கும், துருப்பிடித்த கட்டுக்கம்பியால் மூட்டுப் போட்டிருப்பார்கள், சோலார் தட்டில் தூசி படிந்து பற்றரி இரவு ஒரு மணிக்கு மேல் தாங்காது. யானையும் சும்மா நிற்காது. தந்தத்தில் கரண்ட் ஏறாது என்பது கொம்பனுக்குத் தெரியும். மற்றவை கம்பத்தைக் காலால் சாய்க்கும், மரத்தை முறித்துக் கம்பியின் மேல் போடும். இதையெல்லாம் தினமும் பார்க்க ஆள் வேண்டும். ஒரு வோல்ட் மீட்டர், ஒரு கத்தி, ஒரு சைக்கிள், சம்பளம் உள்ள ஒரு மனிதன். வேலி திறப்பு விழாவில் இந்த மனிதனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் விருப்பம் வட்டையைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் போடும் வேலி. விதைத்த பிறகு கட்டி, அறுவடை முடியக் கழற்றி எனர்ஜைசரையும் கம்பியையும் கமக்காரர் அமைப்பின் களஞ்சியத்தில் வைத்துவிடுவது. காணிக்காரர் ஏக்கர் கணக்குக்குக் காசு போட்டு, முறை வைத்துப் புல் வெட்டுவது. தன் வெள்ளாமையைக் காக்கிற வேலி என்றால் தன்பாட்டில் வந்து பார்ப்பான், தூரத்துக் காட்டோர வேலியைப் பார்க்க மாட்டான். அறுவடைக்குப் பிறகு யானை வந்து வயலில் மிஞ்சிய ஒட்டுத்தாளைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். ஒன்று மட்டும்: திணைக்களத்தின் அனுமதியும் தரம் பார்த்த எனர்ஜைசரும் கட்டாயம். கடையில் யாரோ ஒட்டித் தந்த பெட்டியை நம்பி வாங்கினால் மறுபடி 298இல் போய் நிற்க வேண்டும்.

அலுவலகத்தைக் கேட்பது எப்படி? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். "வேலி ஏன் பழுது" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு கட்டுரை வரும். எங்கள் பிரிவில் வேலி எத்தனை கிலோமீற்றர், எத்தனை எனர்ஜைசர், கடந்த மூன்று வருடத்தில் பராமரிப்புக்கு ஒதுக்கிய பணம், செலவழித்த பணம், காவலர் எத்தனை பேர், வோல்ட் அளந்த பதிவேட்டின் பிரதி: இப்படிக் கேளுங்கள். பதிவேடு இல்லை என்று பதில் வந்தால் அதுவும் பெரிய பதில்தான்.

இந்த வழி குப்பைமேட்டுக்கும் பொருந்தும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அதைச் சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதாகி, திருத்தப்படாமலே கிடந்தது. செத்த யானைகளின் வயிற்றில் பொலித்தீனும் சாப்பாட்டுப் பொதி உறைகளும். ஒரு யானையைக் கம்பி வைத்துக் கொன்றவன் சிறைக்குப் போகலாம். இருபது யானை விழுந்த குப்பைமேட்டுக்கு யார் போவது?

போக வைக்க முடியாவிட்டாலும் மூட வைக்கலாம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் அறிக்கையோடோ வேறு தகவலோடோ அவர் முன் வைத்தால் போதும். பிரதேச சபை தன் கடமையைச் செய்யவில்லை என்றால் கடமையைச் செய் என்று கட்டளையிடும் எழுத்தாணை (ரிட்) கேட்டு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். உள்ளூராட்சி மாகாண விடயம், அதனால் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. கேட்கும்போது "மூடு" என்று மட்டும் கேட்டால் அதே குப்பை அடுத்த காட்டோரத்துக்குப் போகும். தரம் பிரித்தல், தினமும் மண் மூடுதல், வேலைசெய்யும் வேலி மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஹக்கபட்டாஸ் பற்றிச் சுருக்கமாக. பன்றிக்கு என்று தீனிக்குள் வைக்கும் வெடியைக் குட்டி யானைதான் கடிக்கிறது. தாடை உடைந்து நாக்கு கிழிந்தால் தின்னவும் முடியாது, தண்ணி குடிக்கவும் முடியாது. நாள்கணக்காகக் குளத்தோரத்தில் நின்று சாகும், வைத்தியர் வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. வெடிபொருள் சட்டம் 1956இலேயே இருக்கிறது. வைத்தவனைக் கண்டவர் யாரும் பேசாததால் அது அப்படியே இருக்கிறது.

வீட்டு மிருகத்துக்கு வந்தால் சட்டம் இன்னும் கேவலம். மிருகவதைக்கு நம்மிடம் உள்ளது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மாட்டை அடித்துத் துன்புறுத்தினால் உயர்ந்தபட்ச அபராதம் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. நூறு ரூபாய்க்கு இன்று ஒரு ரோல்ஸ் வாங்கலாம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் வளர்ப்பு விலங்கும் பிடித்து வைத்த விலங்கும் மட்டும்தான். கூட்டில் அடைத்த குரங்கை வதைத்தால் இந்தச் சட்டம் பிடிக்கும், மரத்திலிருக்கும் அதே குரங்கு இதற்குள் வராது. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலம் எத்தனையோ அமைச்சரவைகளைப் பார்த்துவிட்டது.

அதுவரை மாட்டுக்காரருக்கு உதவுவது வதைச் சட்டமில்லை, சொத்துச் சட்டம். மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் இறங்கினார்கள். மாடுகள் சுடப்படுவதும் வெட்டப்படுவதும் அவர்களின் முறைப்பாடுகளில் திரும்பத் திரும்ப வந்தது. தெருநாயை வெட்டினால் வதைச் சட்டத்தின் சில்லறை அபராதம்தான். மாட்டை வெட்டினால் அது பிறர் சொத்துக்குச் செய்த நட்டம், தண்டனைச் சட்டக்கோவையில் கூடிய தண்டனை. ஆனால் சொத்து என்று நிரூபிக்க வேண்டுமே. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி குறி பதிந்திருக்க வேண்டும். காதில் இலக்க வில்லை இல்லாத மாட்டுக்குப் பொலிஸில் "உன்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வாய்" என்ற ஒரே கேள்வியில் கதை முடிந்துவிடும். முறைப்பாட்டுக்குப் போகுமுன் பட்டிப் பதிவு, குறிப் பதிவு, அரச மிருக வைத்தியரின் காய அறிக்கை, மாடு கிடந்த இடத்தின் படம், கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கையோடு எழுதி வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.