வாயால சொன்னா கார்டு ரத்தாகிடுமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடானாலும் சரி, காசிமேடானாலும் சரி, நடைபாதை வியாபாரிங்களுக்கு இதே தலைவலிதான். அதிகாரிங்க வந்து, "உன் கார்டு (தெருவுல விக்கறதுக்கான விற்பனைச் சான்று) செல்லாதும்மா, கடையை எடு"ன்னு வாயாலயே சொல்லிடறாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல, கையில ஒரு துண்டுச் சீட்டும் இல்ல.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டம், 10-வது பிரிவு: நிபந்தனையை மீறினாலோ, பொய் சொல்லி வாங்கியிருந்தாலோதான் விற்பனைச் சான்றை ரத்து பண்ண முடியும். அதுவும் வியாபாரி தரப்பைக் கேட்ட பிறகுதான். எழுத்துல உத்தரவே தரலன்னா 11-வது பிரிவுல எதை வச்சு அப்பீல் போடுறது? வயித்தெரிச்சலே இங்கதான்.

கார்டுல அம்மா போட்டோ, கருவாட்டுக் கூடைக்குப் பின்னாடி மக உட்கார்ந்திருப்பா. உடனே "ஆள் மாறாட்டம்"னு கார்டைப் பிடுங்கறாங்க. குடும்பத்துல ஒருத்தர் வியாபாரம் பார்க்கலாம்னு 5-வது பிரிவே சொல்லுதே! வாடகைக்கோ கைமாத்தியோ விட்டாத்தான் தப்பு.

கார்டு கொடுக்கறதுக்காக வியாபாரிங்களை எண்ணுற கணக்கெடுப்பும் அப்படித்தான். விடியக்காலைல கடை போட்டு எட்டு மணிக்கு எடுக்கறவங்களை மத்தியானம் வந்து தேடினா எப்படி இருப்பாங்க?

அதிகாரிங்க சரக்கை அள்ளிட்டுப் போனா, கையெழுத்துப் போட்ட பட்டியலைக் கேட்டு வாங்குங்க. மீன், காய் மாதிரி அழுகுற சரக்குன்னா, கட்டணம் கட்டிக் கேட்ட அன்னிக்கே திருப்பித் தரணும். மத்ததுக்கு ரெண்டு வேலை நாள்.