துரு மேல பட்டி பூசுறதை முதல்ல நிறுத்துங்க

கும்பகோணத்துல இருந்து வேதாரண்யம் வரைக்கும் வைக்கோல் போருக்குப் பக்கத்துக் கொட்டகையில ஒரு பழைய அம்பாசடர் காரோ பத்மினி காரோ நிக்காத ஊரே இல்லை. தாத்தா வண்டி, விக்க மனசு வராது, கைல காசு சேரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்றாங்க. பத்து வருஷ ஆசை. அதுல மண்ணள்ளிப் போடுது இந்தப் பட்டி (நெளிவை நிரப்புற பசை) வேலை. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது!

அழுகின தகரத்தை வெட்டி எடுக்க வேண்டிய இடத்துல சாக்கைத் திணிச்சு, அரை இஞ்சுக்குப் பட்டி ஏத்தி, பளபளன்னு பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துடறாங்க. பட்டி எதுக்கு? துரு இல்லாத தகரத்துல நெளிவைச் சமன் பண்ண. அதுவும் 2, 3 மில்லிமீட்டர்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில துரு இருந்தா ரெண்டு அடைமழைக்குள்ள கொப்புளம் கிளம்பி அப்பளமா உதிரும். வரப்புல நண்டு வளையை வெட்டி மிதிக்காம மேல சேறு பூசினா தண்ணி நிக்குமா?

கதவைப் பாருங்க. கண்ணாடி ஓரமா உள்ள இறங்குற மழைத்தண்ணி வெளியேறத்தான் கதவோட அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்டை விட்டிருக்கான். புழுதியும் வைக்கோல் தூசும் சேர்ந்து அது களிமண்ணா அடைச்சுக்கும். ஒரு கம்பி விட்டுக் குத்தினா போற வேலை. பட்டி போடுறவர் அந்த ஓட்டையையும் சேர்த்துப் பூசிடறார்! அப்புறம் கதவு உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகுது.

இதைவிடக் கொடுமை கதவுக்கு அடியில சக்கரத்துக்குச் சக்கரம் ஓடுற பெட்டி. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேஸிஸ். (நம்ம சென்னையில செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வேற, அதுக்குத் தனியா உண்டு.) அந்தப் பெட்டி போச்சுன்னா வண்டி நடுவுல தொங்கும், கதவு சாத்தாது. அதை எடுத்த எடுப்புல அறுக்கக் கூடாது. சமதரையில முட்டுக் கொடுத்து, கதவு இடைவெளியை அளந்து எழுதி, கதவு வாசல்ல குறுக்கே இரும்பு ஆங்கிள் வச்சு வெல்டு பண்ணி, நல்ல தகரம் தெரியற வரைக்கும் வெட்டணும். 18 கேஜ் கனத் தகரத்துல பெட்டியை மடிச்சு, சிஓ2 வெல்டிங்ல இடம் மாத்தி மாத்திப் புள்ளி வைக்கணும். ஒரே இடத்துல சூடு ஏத்தினா நெளியும். ஒரு பக்கம் முடிஞ்சப்புறம்தான் மறுபக்கம். பெட்டிக்குள்ள துரு பிடிக்காம இருக்க மெழுகு ஸ்பிரே அடிக்கணும்.

தகர வேலை செய்யற டிங்கரை மட்டும் திட்டி என்ன பண்றது? சீட்டுக்கும் குரோமுக்கும் அள்ளிக் கொடுத்துட்டு, தகர வேலைக்கு மட்டும் கூலியில கறாரா பேரம் பேசறோம். அவர் ஒரு நாள்ல முடியற வழியைத்தான் பார்ப்பார். கடைசிப் பணத்தைக் கொடுக்குமுன்ன துணி சுத்தின காந்தத்தை பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க. ஒட்டாம வழுக்குற இடமெல்லாம் கனத்த பட்டி.

அப்புறம் பெயிண்டுக்கு அடியில பூசுற இந்தச் சாம்பல் பிரைமர்! அதை அடிச்சுட்டு, காசு வரட்டும்னு மூணு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கறாங்க. சாதா பிரைமர் தண்ணியை உள்ள விடும். தார்ப்பாய் ஈரத்தை வெளிய விடாது. போதாததுக்கு நாகப்பட்டினம் பக்கம்னா உப்புக் காத்து வேற. நிறுத்தி வைக்கப் போறீங்கன்னா தண்ணியை உள்ள விடாத எபாக்சி பிரைமர் அடிச்சு, மேல ஒரு கோட் பெயிண்டும் கொடுங்க. தார்ப்பாயை ஐப்பசிக்கு முன்னாடி உருவி எறிஞ்சுட்டு, காத்தாட ஒரு கூரைக்கு அடியில நிறுத்துங்க.