ஒட்டிய கையெழுத்தும் செல்லும், ஆனால்...
பிடிஎஃப்பில் ஒட்டிய கையெழுத்துப் படம் ஐரோப்பாவில் செல்லவே செல்லாது என்கிறது மின்னணுக் கையெழுத்து பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அப்படி இல்லை. ஐடாஸ் (eIDAS) எனப்படும், மின்னணுக் கையெழுத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 25-ஆம் பிரிவைப் பாருங்கள்: மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் கையெழுத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பேனாவால் போட்டதற்குச் சமமான மதிப்பு, மூன்று வகைகளில் உச்சியில் இருக்கும் ‘தகுதி பெற்ற’ கையெழுத்துக்கு, அதாவது அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தந்த மின்னணுச் சான்றிதழோடு போடுவதற்கு, மட்டும்தான். ஒட்டிய படத்தைக் காட்டினால், எதிராளி “நான் போடவே இல்லை” என்பார். அப்புறம் நிரூபிப்பது உங்கள் பாடு.

அந்த உச்சி வகைக் கையெழுத்தை எஸ்தோனியாவில் அடையாள அட்டையைக் கொண்டே போடலாம். அதில் இணையச் சேவைகளில் உள்நுழைய ஒரு பின் எண், கையெழுத்திட வேறொன்று. இரண்டாவதை அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கட்டும் என்றுதான் பிரித்தார்களோ என்னவோ! அதே நாட்டில் 2017-இல் அட்டையின் சில்லில் (சிப்பில்) பாதுகாப்பு ஓட்டை இருப்பது தெரிந்து, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைத்தார்கள். கட்டுரையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.