இரண்டு நோட்டு

எங்கள் பாம்பன் பக்கம் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, முன்பணம் கொடுப்பது பழைய வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற செலவும் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். கை நீட்டாமல் முடியாது. வாங்கியது பிறகு பங்கில் கழியும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் அந்தப் பங்கும்.

என் சித்தப்பா அப்படி 40,000 வாங்கினார். பாதிக்கு மேல் கழிந்துவிட்டது என்பது அவர் கணக்கு. நடுவில் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த 15,000-ஐயும் சேர்த்தது சம்மாட்டியின் கணக்கு. அதை உதவி என்று சித்தப்பா நினைத்திருந்தார். கடன் என்று சம்மாட்டி நினைத்திருந்தார். யாருமே பொய் சொல்லவில்லை. இருவரையும் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இருபது வருஷம் ஒரே படகில் போனவர்கள், இன்று எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

"எழுதிக் கேட்டா நம்பலைன்னு நினைப்பாகளே" என்பார்கள். நம்பாத ஆளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? நம்புகிற ஆளிடம்தான் எழுத வேண்டும், அந்த உறவைத்தானே இழக்கக் கூடாது.

கீழக்கரை நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: குர்ஆனிலேயே நீளமான வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதாம். எழுதுகிறவர் நியாயமாக எழுத வேண்டும். கடன்பட்டவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். கடன்பட்டவர் சொல்ல! இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை எனக்கு.

ஏனென்றால் நான் பார்த்தது தலைகீழ். வெற்றுப் புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். தொகை இல்லை, வட்டி இல்லை, தேதி இல்லை. அப்படிப் போட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொள்ள அனுமதி கொடுத்ததாகவே எடுத்துக்கொள்கிறது 1881-ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-வது பிரிவு. இதை ஒப்பந்தம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஒருவர் கழுத்தில் கயிற்றை மாட்டி, நுனியை இன்னொருவர் கையில் கொடுப்பது அது. தயவுசெய்து யாரும் போடாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

கொடுக்கிறவருக்கும் ஒரு விஷயம். கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம்தான் ஆயுள். அதற்குள் 500 ரூபாய் திரும்பி வந்தாலும் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுதி, கடன் வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மறுபடியும் 3 வருஷம். 

மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிற ஒரு அக்கா எப்போதும் இரண்டு நோட்டு வைத்திருப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று அவரிடம் கடன் வாங்குகிறவருக்கு. இரண்டிலும் எழுதி, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக்காட்டுவார். தவணை தவறப்போகிறவர்கள் முதல் நாளே வந்து, "அக்கா, மீன்பாடு இல்லை, அடுத்த வாரம் தர்றேன்" என்று அவர்களாகவே சொல்வதை நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். அந்தத் தேதியையும் இரண்டிலும் எழுதுவார். அவர் யாரையும் தேடி வீட்டுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

போன தடைக்காலத்துக்கு முன்னால் சித்தப்பா மகன் முன்பணம் வாங்கக் கிளம்பினான். சித்தப்பா அவனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு இரண்டு வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தார்.