மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா?

இளங்கலையில் இந்தியத் தத்துவம் படிக்க மொழிபெயர்ப்புகளே போதும், சமஸ்கிருதத்தை முதுகலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. தத்துவத்தையும் சமஸ்கிருதத்தையும் சேர்த்துப் படித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

'தர்மம்' என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சைத் தத்துவத்தில் அது வேதம் விதிக்கும் கடமை. தர்க்கத்தை மையமாகக் கொண்ட நியாயத் தத்துவத்தில் ஒரு பொருளில் இருக்கும் பண்பு. சமணத்தில் இயக்கத்துக்குத் துணை செய்யும் ஊடகம். பௌத்தத்தின் அபிதர்மம் என்ற தத்துவ நூல்களிலோ அனுபவத்தின் அடிப்படைக் கூறு. மொழிபெயர்ப்பில் இவை நான்கு வேறு சொற்களாகிவிடும். எல்லாம் ஒரே சொல்தான் என்பதே மாணவருக்குத் தெரியாமல் போய்விடும்.

சமஸ்கிருதம் படிக்கும் முதல் வருடம் கஷ்டம்தான். 'ராம' என்ற ஒரு பெயர்ச்சொல்லுக்கு மட்டும் எட்டு வேற்றுமை, மூன்று எண் என்று 24 வடிவங்கள். ஆனால் தமிழிலும் வேற்றுமை எட்டுதானே! இரண்டைக் குறிக்கும் இருமை எண் மட்டும்தான் நமக்குப் புதிது. அப்புறம் சந்தி பிரிக்கப் பழக வேண்டும், அதற்குப் பொறுமை தேவை.

அன்னம்பட்டர் எழுதிய 'தர்க்க சங்கிரகம்' தர்க்கத்தை அறிமுகப்படுத்தும் சின்ன சமஸ்கிருத நூல். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால், அடுப்படியில் போல என்ற அந்த அனுமானத்தை மூலத்திலேயே தட்டுத்தடுமாறிப் படித்து முடித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதே புகையும் நெருப்பும் அடுப்படியும் மணிமேகலையின் 29ஆம் காதையிலும் வருகின்றன. தமிழ் மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.