மாதிரிக் காசோலைக்கும் முதல் செமஸ்டருக்கும் நடுவில்

"ஆண்ட்டி, பை வேணுமா? இருபது காசு."

போன புதன்கிழமை சாயங்காலம், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட். பத்துக் கிலோ அரிசியைக் கவுண்டரில் தூக்கி வைத்துவிட்டுப் பர்சைத் துழாவிக்கொண்டிருந்தேன். தெரிந்த குரலாக இருக்கிறதே என்று நிமிர்ந்தால், நம்ம பிள்ளை. ஆறாம் படிவம் முடித்து, அதன் கடைசித் தேர்வான எஸ்.டி.பி.எம்.மில் நல்ல புள்ளி வாங்கி, கோத்தா கினபாலுவில் பல்கலைக்கழக இடம் கிடைத்த பிள்ளை. கோயிலில் வைத்து நானே கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறேன். இந்நேரம் கடல் தாண்டிச் சபாவில் படித்துக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"போகலையாம்மா?"

"இல்ல ஆண்ட்டி. அடுத்த வருஷம் பாக்கலாம்னு அப்பா சொன்னாரு." சொல்லிக்கொண்டே சார்டின் டின்னை ஸ்கேன் செய்தாள். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில்.

எட்டு மணிக்கு அவளுக்கு ஓய்வு. கடைக்குப் பின்னால் மோட்டார் நிறுத்துகிற இடத்தில் நின்று பேசினோம். அப்பா ஒப்பந்தத்துக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறார், மழை பெய்தால் சம்பளம் குறையும். இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று ராத்திரி அவள் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். அப்பாவுக்கும் அவளுக்கும் விமான டிக்கெட், பதிவுக் கட்டணம், தலையணை, வாளி, முதல் மாதச் சாப்பாடு. கூட்டினால் 2,350 ரிங்கிட். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். கூட்டுத்தொகை மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டிய கடைசி நாள் வந்தது, போனது. யாரிடமும் கேட்கவில்லை. "எப்படி ஆண்ட்டி கேக்குறது?"

வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் இருக்கிறது. அவளுக்குக் கடிதம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நாங்கள் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.முக்குப் பாராட்டு விழா நடத்தியிருந்தோம். கோயில் செயலவையில் நான் பொருளாளர். மேடை, பேனர், பொன்னாடை, பிரியாணி எல்லாம் சேர்த்து 3,900 ரிங்கிட். பதினொரு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 200, மொத்தம் 2,200. நானேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதிரிக் காசோலை என் உயரத்துக்கு இருந்தது, பிடிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது. (பிரியாணி நன்றாகத்தான் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.)

கொடுப்பவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. நம் ஊரில் கொடுக்கிற கை நிறைய இருக்கிறது. லோரி வைத்திருப்பவர், பூக்கடைக்காரர், ஈப்போவில் இருக்கும் டாக்டர் பிள்ளைகள், எல்லாரும் கேட்டால் தருகிறார்கள். என் சண்டை பணம் போய்ச் சேருகிற நாளைப் பற்றியது. தேர்வு முடிவு வந்த வாரம் கொட்டுகிறோம். பிள்ளை தடுக்கி விழுவது அதற்கு ரெண்டு மூன்று மாதம் கழித்து. அந்த நேரத்தில் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். 10 ஏ எடுத்த பிள்ளையைத் தேடித் தேடி மாலை போடுகிறோம். போடட்டும், உழைத்த பிள்ளை. ஆனால் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின அரசாங்கப் படிப்பு) இடம் என்று பிரதமர் அன்வார் 2024-லேயே அறிவித்துவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் கதவு தெரியும். நாலு ஏ, மூணு பி, மலாயில் தட்டுத் தடுமாறி ஒரு கிரெடிட் என்று வருகிறானே, அவனுக்குத்தான் எந்தக் கதவு என்று தெரியாது. மெட்ரிகுலேஷன் கிடைக்காவிட்டால் படிப்பே போச்சு என்று அவன் வீட்டில் துக்கம் காக்கிறார்கள். ஆறாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது, மூன்று செமஸ்டர், வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம் என்று சொன்னால், "ஐயோ, எஸ்.டி.பி.எம். ரொம்ப கஷ்டமாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைச் சொல்கிறார்கள். ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969-லிருந்து இருக்கிறது, இங்கிருந்து போய்வருகிற தூரம்தான். போன வருஷம் என்னிடம் வந்த மூன்று பெற்றோருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

தெரியாத இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள்? தனியார் கல்லூரி ஏஜெண்டு. வழவழ பிரசுரம், இலவச லேப்டாப், "பி.டி.பி.டி.என். கடன் நாங்க பாத்துக்கறோம்மா" (அரசாங்கம் தருகிற உயர்கல்விக் கடன்). அவன் வீட்டுக்கே வருகிறான், தமிழில் பேசுகிறான், அடையாள அட்டை நகல் எடுத்துக்கொண்டு போகிறான். இந்தக் காரியத்தை நாம் செய்திருக்க வேண்டும். என் அண்ணன் மகனே அப்படிப் போய்ப் பாதியில் நின்று, முடிக்காத டிப்ளோமாவுக்கு இன்னும் கடன் கட்டுகிறான்.

தொண்டூழியர்கள் பக்கம் வருகிறேன். வருஷத்துக்கு ஒரு முறை கோலாலம்பூரிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ் நிறைய வருவார்கள். தன்முனைப்பு முகாம். ஒரே மாதிரி டீ-சட்டை, கைதட்டல், கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைத்து அழச் சொல்லும் ஒரு பகுதி. பிள்ளைகள் உண்மையிலேயே அழுவார்கள். திங்கட்கிழமை கணக்கில் அதே சந்தேகம். வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்கள் நேரத்தை வீணடிப்பது ஏற்பாடு செய்கிற நாம்தான். பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாளில் கத்துவதற்குப் பதில், அதில் ஒருத்தர் பன்னிரண்டு வாரம் ஒரு மணி நேரம் வீடியோ காலில் மலாய்க் கட்டுரை திருத்தினால் போதும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பெரும்பாலான பாடம் மலாயில் வருகிறது. எஸ்.பி.எம்.மில் மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. மலாயில் கிரெடிட் இல்லாவிட்டால் அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடையாது. அறிவியலில் ஏ வாங்கிய பையன் இந்த ஒரு தாளில் மாட்டிக்கொண்டு கார் கழுவுகிற கடைக்குப் போவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். பெண்பிள்ளைகளாவது முட்டி மோதி வந்துவிடுகிறார்கள், பையன்கள் மூன்றாம் படிவத்திலேயே கரைந்துவிடுகிறார்கள். அதை எழுத இன்னொரு பதிவு வேண்டும்.

வாரா வாரம் வந்து உட்கார்வது நமக்குப் புதுசா என்ன? டாக்டர் தம்பிராஜா 1982-இல் நம் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது வகுப்பு எடுக்க வந்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே படித்தவன் மேலே போய்த் திரும்பி வந்து சொல்லிக்கொடுத்தான். நம் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தையே வாங்கினார்கள். அப்போது என் பாட்டி கொடுத்த பத்து வெள்ளிக்கு யாரும் மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போடவில்லை. ரசீது கொடுத்தார்கள். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அந்தப் பிள்ளை விஷயத்தில் என்னை அதிகமாகச் சுடுவது இதுதான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வசதி குறைந்த பிள்ளைக்குப் பி.டி.பி.டி.என். கடனிலிருந்து 1,500 ரிங்கிட் வரை முன்பணம் தருகிறார்கள். இருபது ரிங்கிட் போட்டு ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, விண்ணப்பம் போட வேண்டும். அவள் கேட்டாள்: "அப்படி ஒன்னு இருக்கா ஆண்ட்டி?" எனக்குத் தெரியும். நான் அவளுக்குச் சொல்லவில்லை. வாழ்த்துச் சொல்லிக் கையைக் குலுக்கினேன், அவ்வளவுதான்.

அதனால் இந்த வருஷம் விழா வேண்டாம் என்று செயலவையில் சொல்லிவிட்டேன். தலைவருக்கு முகம் சுண்டிப்போனது. "டத்தோ கேப்பாரேம்மா" என்றார். கேட்கட்டும், ஐயா. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. சின்ன டீ விருந்து, மீதி 2,500 தனிக் கணக்கில். இடம் கிடைத்த கடிதத்தைக் காட்டினால் மூன்று நாளில் டிக்கெட்டும் பதிவுக் கட்டணமும். முன்பணம் வந்ததும் முடிந்தவர் திருப்பிப் போடலாம், முடியாதவரைக் கேட்கப் போவதில்லை. 2,500 எந்த மூலைக்கு என்று எனக்கும் தெரியும்.

சனிக்கிழமைதோறும் பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கிற யூ.பி.யூ. பாரம் நிரப்புகிறோம். போன வாரம் ஒரு அம்மா மைலோ டின்னில் எல்லாச் சான்றிதழையும் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார், தன்னுடைய பழைய பள்ளிச் சான்றிதழையும் சேர்த்து. அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால் வருமான உறுதிக் கடிதம் எங்கே வாங்குவது என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். பாஸ்வர்டு மறந்தால் திட்டாத ஓர் ஆள் இருக்கிறார். மலாயில் தொலைபேசியில் தயங்காமல் பேச ஆள் தேவை. மாதக் கடைசியில் கெடாவில் பல்கலைக்கழகம் இருக்கிற சிந்தோக் வரை போக வேன் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெட்ரோலும் டோலும் எங்களுடையது.

கவுண்டர் பிள்ளையும் இந்தச் சனிக்கிழமை வருகிறாள், ஷிப்ட் மாற்றிக்கொண்டு. வருகிறவர்கள் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று கொண்டு வாருங்கள். கோயிலில் இருந்தது போன வாரம் புகைந்துவிட்டது.